ஐதராபாத்துப் பண்டிகளும் பட்டியலில் விடுபட்ட ஒன்றும்

ஐதராபாத்தின் பல்கலைக்கழக விடுதி ஒன்றில், தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்து சேரும் ஆய்வு மாணவர்களுக்கு மூத்தவர்கள் ஒரு பட்டியலைக் கையளிப்பது வழக்கம். உதவித்தொகைப் படிவத்தில் யாரிடம் முதலில் கையொப்பம் பெறவேண்டும், ஆய்வேட்டை எந்த அறையில் ஒப்படைக்கவேண்டும் என்பன பற்றியெல்லாம் அங்கே எழுதப்பட்ட வழிகாட்டி எதுவும் இல்லை. உணவு வண்டிகளைப் பற்றி உண்டு. விடுதிச் சாப்பாட்டில் சலிப்புற்ற யாரோ ஒருவர் தொடங்கிவைத்த அப்பட்டியலை ஒவ்வோர் ஆண்டும் வேறொருவர் திருத்துகிறார். பதினோர் எண்கள். ஏழாம் எண்ணுக்கு எதிரே மட்டும் ஒன்றும் எழுதப்படவில்லை. புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது அந்த வெற்றிடத்தைப் பற்றித்தான்.

முதல் எண் எந்த ஆண்டிலும் மாறியதில்லை: ‘ராம் கீ பண்டி’. நாம்பள்ளி ரயில் நிலையத்திலிருந்து நடந்துசெல்லும் தொலைவில், கடைசி நிசாம் மீர் உஸ்மான் அலி கான் காலத்தில் 1935இல் கருங்கல்லால் எழுப்பப்பட்ட மொஸம்ஜாஹி மார்க்கெட் இருக்கிறது. பகலில் அது ஐஸ்கிரீமுக்குப் பெயர்போன இடம். பின்னிரவில் அதனருகே தோசைக்கல் காயத் தொடங்கும். இரவுப் பணி முடித்த மென்பொருள் ஊழியர்களும் திரைப்படம் பார்த்துத் திரும்புவோரும் தேர்வுக்கு முந்தைய இரவில் தூக்கம் வராத மாணவர்களும் ஒரே வட்டமாக நிற்பார்கள். காலை எட்டு மணியளவில் எல்லாம் முடிந்துவிடும். தமிழ்நாட்டில் தோசையின் பெருமை அதன் மெல்லிய முறுகலில் இருக்கிறது; இங்கே அது சுமை தாங்கும் திறனில் இருக்கிறது. மாவின் மேல் வெண்ணெய், அதன் மேல் உப்புமா, வெங்காயம், தக்காளி, காரப்பொடி என ஒவ்வொன்றாக விழுந்து கல்லின் மேலேயே மசிக்கப்படும். முதல்முறை பார்க்கும் தமிழர் சற்றுத் திகைப்பார். இரண்டாம் முறை தாமாகவே வந்து நிற்பார்.

பெயரிலும் ஒரு சுவை உண்டு. ‘ராம்’ வடசொல். ‘கீ’ உருது, இந்தி மொழிகளின் வேற்றுமை உருபு. ‘பண்டி’ தெலுங்கு, தமிழின் ‘வண்டி’ என்பதற்கு நெருங்கிய உறவு. ‘பஸ்’ என்று சொல்லும்போது வரும் பகரத்தை முதலில் வைத்து அதனை ஒலிக்கவேண்டும். பெண்பாற்சொல்லுக்கு முன்னரே ‘கீ’ வரும். ஆகவே, தெலுங்கில் பெண்பாலாக எவரும் தனித்துக் கருதாத ஒரு வண்டி, தக்கனி உருதுவின் வாசலைத் தாண்டியதும் ஈகார ஈற்றின் பொருட்டுப் பெண்ணாகிவிட்டது. இலக்கணப்பால் குறித்து வகுப்பறையில் மூன்று மணிநேரம் விளக்கப்படும் செய்தியை ஒரு தோசைக்கடையின் பெயர் மூன்று சொற்களில் சொல்லிவிடுகிறது.

தில்லியிலிருந்து வந்த மாணவர் ஒருவர் இப்பெயரைக் கைப்பேசியில் உரோமன் எழுத்தில் படித்துவிட்டு நெடுநேரம் சிரித்த கதையும் விடுதியில் உலவுகிறது. அவருடைய ஊர் இளைஞர் வழக்கில் அவ்வெழுத்துகள் காதலியைக் குறிக்கும். தமிழில் எழுதியிருந்தால் இந்தக் குழப்பமே நேர்ந்திராது. அவருடைய சொல் ‘பந்தி’, இது ‘பண்டி’. பந்தி என்றாலும் தமிழருக்கு இலைச்சோறுதான் நினைவுக்கு வரும் என்பது வேறு செய்தி. தமிழ் அகராதியைப் புரட்டினால் ‘பண்டி’ என்னும் சொல்லுக்கு வண்டி என்ற பொருளும் உண்டு, வயிறு என்ற பொருளும் உண்டு. இரண்டும் ஒரு வேரினவா என்பதைச் சொற்பிறப்பியலார் பார்த்துக்கொள்ளட்டும். பட்டியலைத் தொகுத்தவர்கள் ‘பண்டி’ என்பதையே தலைப்பாக வைத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் எண் கோவிந்தின் பண்டி. சார்மினாருக்கு வடக்கே, நான்கு வளைவுகளுக்கு நடுவே குல்சார் ஹௌஸ் என்னும் பழைய நீரூற்று உள்ளது. அதன் அருகே, நகைக்கடைகள் திறப்பதற்கு முன்பான காலைப்பொழுதுக்கு உரியது அது. அங்கே தோசையைவிடத் தவா இட்லியே உயர்ந்தது என்பது பட்டியலின் தீர்ப்பு. வெந்த இட்லியை மீண்டும் கல்லில் இட்டு, வெண்ணெயிலும் பொடியிலும் புரட்டித் தருவார்கள். மீந்த இட்லியை மறுநாள் காலை தாளித்துக் கொடுத்த பாட்டிமார்களின் சிக்கனம் இங்கே ஆடம்பரமாக மாறியிருக்கிறது. முதலிரண்டு எண்களின் வரிசை சரிதானா என்பதில் விடுதி இரண்டு கட்சிகளாகப் பிரிந்து கிடக்கிறது, அது தீரப்போவதில்லை.

பெயர்பெற்ற இவ்விரண்டையும் எந்தப் பயண வழிகாட்டியும் சொல்லிவிடும். பட்டியலின் உண்மையான பயன் அதற்குப் பின்னே வரும் பெயரற்ற பண்டிகளில்தான் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்குமேல் நகரத்தின் ஏறக்குறைய எல்லாத் தெருமுனைகளிலும் ஓர் எண்ணெய்ச்சட்டி ஏறும். புனுகுலு, மிர்ச்சி பஜ்ஜி, மைசூர் பஜ்ஜி ஆகிய மூன்றும் அதன் ஆட்சிக்கு உட்பட்டவை. புளித்த இட்லிமாவைக் கொட்ட மனமில்லாத ஏதோ ஒரு சமையலறையில் பிறந்திருக்கவேண்டிய பண்டம் புனுகுலு. விரல்நுனியால் கிள்ளிப் போடப்பட்ட மாவு, ஒன்றுக்கொன்று ஒவ்வாத வடிவங்களில் பொரிந்து வரும். ஒரே அளவில் உருண்டையாக வந்தால் அந்தப் பண்டியை நம்பவேண்டாம் என்று பட்டியலின் ஓரத்தில் ஒருவர் குறித்திருக்கிறார். மாவில் மைதா மிகுந்துவிட்டது என்பது அதன் பொருளாம். மிகையான கூற்றுத்தான், ஆனால் பெரும்பாலும் பலிக்கிறது.

காலை நேரத்து ‘டிபன் பண்டி’களில் தமிழ் மாணவர்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கும்.

“அண்ணா, சாம்பார்?”

“சாம்பார் ஓட்டல்ல கிடைக்கும், தம்முடு. இங்கே சட்னிதான்.”

இந்த உரையாடல் ஒவ்வோர் ஆண்டும் ஆடி மாதத்தில், ஒவ்வொரு புதுமுகத்துக்கும் ஒருமுறை நிகழ்கிறது. எல்லாப் பண்டிகளிலும் அப்படியன்று. சிறிய பண்டிகள் பலவற்றில் அப்படித்தான். அதற்குக் காரணம் சுவை வேறுபாடு மட்டுமன்று. சாம்பாருக்குத் தனி அடுப்பு வேண்டும், ஓயாத சூடு வேண்டும், கனத்த பாத்திரம் வேண்டும், கிண்ணம் வேண்டும், அக்கிண்ணத்தைக் கழுவ நீர் வேண்டும். நான்கடி நீளப் பலகையில் இவற்றுக்கு இடமேது? வறுத்த நிலக்கடலையை அரைத்த பல்லீச் சட்னி ஆறியும் கெடாமல் நிற்கும். ஒரு கரண்டியில் இட்லியின் மேலேயே ஊற்றிவிடலாம். நீர்ப் பற்றாக்குறையால்தான் தட்டின் மேல் ஒரு நெகிழித் தாளை விரித்து, உண்டு முடித்ததும் தாளை மட்டும் எடுத்தெறியும் வழக்கமும் வந்தது. சூடான சட்னி நெகிழியில் விழுவது உடலுக்கு நல்லதன்று. வீட்டிலிருந்து ஒரு டப்பா எடுத்துச் செல்லுமாறு பட்டியல் அறிவுறுத்துகிறது. எவரும் எடுத்துச் செல்வதில்லை.

மேற்கே, கச்சிபௌலி, மாதாப்பூர்ப் பக்கம் சென்றால் ‘ஃபுட் டிரக்’ என்னும் பெயர்ப்பலகைகள் தொடங்கும். மென்பொருள் அலுவலகங்களை ஒட்டிய டி.எல்.எஃப். தெருவில் நள்ளிரவிலும் கூட்டம் நிற்கும். தமிழ்நாட்டில் ‘குட்டியானை’ என்று செல்லமாக அழைக்கப்படும் சிறு சரக்கு வண்டியின் ஒரு பக்கத்தை அறுத்துச் சன்னலாக்கி, உள்ளே அடுப்பையும் மேலே வண்ணவிளக்குகளையும் பொருத்தினால் ‘டிரக்’ ஆயத்தம். பலகையில் எழுத்து ஆங்கிலம், பெயரில் ஏதேனும் ஒரு சிலேடை, விலை இருமடங்கு. மோமோ, ஷவர்மா, பாலாடைக்கட்டி வழியும் ஏதோ ஒன்று. பட்டியலில் இவற்றுக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டே எண்கள். அதிலும் ஒன்று, அந்த வண்டிக்காரர் தம் தாயார் செய்துதரும் கோங்குராப் பச்சடியை எதனோடு கேட்டாலும் சேர்த்துத் தருவதால் இடம்பெற்றது. மோமோவோடும் தருகிறார்.

டிரக்குக்கும் பண்டிக்கும் உள்ள வேறுபாடு விலையிலோ விளக்கிலோ இல்லை, சக்கரத்தில் இருக்கிறது. தமிழில் ‘தள்ளுவண்டி’. தெலுங்கில் ‘தோப்புடு பண்டி’. அதுவும் தள்ளும் வண்டியே. இந்தியில் ‘டேலா’, தள்ளுதல் என்னும் வினையிலிருந்து வந்த பெயர். மூன்று மொழிகளும் ஒரே செயலைக்கொண்டு அதற்குப் பெயரிட்டிருக்கின்றன. ஆனால் ஐதராபாத்தின் உணவுப் பண்டிகளில் பெரும்பாலானவற்றை எவரும் நாள்தோறும் தள்ளிச் செல்வதில்லை. அவை ஒரே மரத்தடியில், ஒரே மின்கம்பத்தின் அருகே ஆண்டுக்கணக்கில் நிற்கின்றன. சக்கரத்துக்கு முட்டாகச் செங்கல் வைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் காற்றிறங்கிய சக்கரம் மண்ணில் பாதி புதைந்திருக்கும். அப்படியிருந்தும் சக்கரத்தைக் கழற்றிவிட்டு நான்கு கால்களை நட எவரும் துணிவதில்லை. வாடிக்கையாளரைத் தேடிச் செல்வதற்காக அச்சக்கரங்கள் இல்லை. ‘எடு’ என்று ஒருவர் வந்து சொல்லும் நாளுக்காக இருக்கின்றன. டிரக்கின் சக்கரம் வீட்டுக்குப் போவதற்கானது.

அந்த ‘எடு’ என்னும் சொல்லுக்கு எதிராக ஒரு சட்டம் இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டம், நிலையாக ஓரிடத்தில் விற்பவர், இடம்விட்டு இடம் நகர்ந்து விற்பவர் ஆகிய இருவரையும் ஏற்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் கணக்கெடுப்பு நடத்தவேண்டும். அக்கணக்கெடுப்பு முடிந்து அனைவருக்கும் விற்பனைச் சான்றிதழ் வழங்கப்படும்வரை எவரையும் அகற்றவோ இடம்மாற்றவோ கூடாது என்கிறது. அதன்பின் இடம்மாற்ற வேண்டியிருந்தாலும் முப்பது நாள் முன்னறிவிப்புத் தேவை. நகர விற்பனைக் குழுவின் உறுப்பினர்களில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வணிகர்களே இருக்கவேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்கவேண்டும். ஐம்பது ஆண்டுகளைக் கடந்த சந்தைகளை மரபுச் சந்தைகளாக அறிவித்து, அங்குள்ளோரை இடம்மாற்றாமல் விடவேண்டும் என்றும் அதன் அட்டவணை கூறுகிறது.

மொழியியல் மாணவர்களை இச்சட்டத்தின்பால் ஈர்ப்பது அதன் வரையறைப் பகுதி. தெருவோர வணிகர் என்பவர் யார் என்பதை நீண்ட ஒற்றை வாக்கியத்தில் விளக்கிவிட்டு, கூவி விற்பவர், சுமந்து விற்பவர், தரையில் அமர்ந்து விற்பவர் என்னும் பெயர்களை அடுக்கி, இறுதியில் வட்டாரத்துக்கு உரிய பிற ஒருபொருட் சொற்கள் அனைத்தும் இதில் அடங்கும் என்று கதவைத் திறந்துவைக்கிறது. இந்தியாவில் இயற்றப்பட்ட சட்டமொன்று தன் சொற்பட்டியல் முழுமையற்றது என்பதைத் தானே ஒப்புக்கொண்டு, வட்டார வழக்குகளுக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்குவது எளிதில் காணக்கிடைப்பதன்று. ‘பண்டி’ என்ற சொல் அச்சட்டத்தில் இல்லை. ‘பண்டி’க்கான இருக்கை இருக்கிறது.

இருக்கையில் அமர முடிகிறதா என்பது வேறு. 2024 ஜனவரியில் நாடே பார்த்த நிகழ்வு ஒன்று உண்டு. மாதாப்பூரில், துர்கம் செருவு ஏரியின் பக்கம், சோறும் கோழிக்குழம்பும் ஈரலும் விற்றுவந்த ‘குமாரி ஆன்ட்டி’ இணையக் காணொளிகளால் ஒரேயடியாகப் புகழ்பெற்றார். மொத்தம் ஆயிரம் ஆயிற்று, ஈரல் இரண்டு கூடுதல் என்னும் பொருளில் அவர் ஒரு வாடிக்கையாளருக்குச் சொன்ன கணக்கு, தெலுங்கும் ஆங்கிலமும் கலந்த அந்த வடிவத்திலேயே, நகைச்சுவைத் துணுக்காக நாடெங்கும் பரவியது. காணொளி எடுப்பவர்கள் குவிந்தனர், சாலை அடைபட்டது, போக்குவரத்து நெரிசலைக் காட்டிக் காவல்துறை கடையை அகற்றச் சொன்னது. அதே இணையம் அவருக்காகக் குரல் எழுப்பியது. மாத இறுதியில் முதலமைச்சர் ரேவந்த் ரெட்டி தலையிட்டு, கடை அதே இடத்தில் தொடரலாம் என்று அறிவித்தார்.

மகிழ்ச்சிக்குரிய முடிவு என்றே அன்று அனைவரும் எழுதினர். அவரளவில் அது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அவருக்கு அருள்போல் வந்து சேர்ந்தது, அதே சாலையில் காணொளிக்கு ஆளாகாத அத்தனை பேருக்கும் சட்டத்தால் கிடைத்திருக்கவேண்டிய ஒன்று. அந்த அறிவிப்பில் பேசப்பட்டது ஒரு பெயர். 2014ஆம் ஆண்டின் சட்டம் பேசுவது ஒரு வகுப்பாரைப் பற்றி. புகழ் நெரிசலைக் கொண்டுவந்தது, நெரிசல் காவலரைக் கொண்டுவந்தது, மேலும் பெரிய புகழ் காவலரைத் திருப்பி அனுப்பியது. இந்தச் சுழற்சியில் நடுவழியில் நின்றுவிடும் அளவுக்கு மட்டும் புகழ்பெறும் பண்டிகளின் கதி என்ன? நகரத்தின் ‘சிறந்த பத்து’ பட்டியல்கள் உற்பத்தி செய்வது பெரும்பாலும் அந்த அளவுப் புகழைத்தான்.

பண்டிகளுக்கு எதிராகச் சொல்வோரிடம் நியாயமே இல்லை என்றும் கூறிவிட முடியாது. 2024 அக்டோபரில் இந்நகரத்தில் மோமோ உண்ட பலர் நோயுற்று ஒரு பெண் உயிரிழந்ததைத் தொடர்ந்து, பச்சை முட்டையில் செய்யப்படும் மயோனைசுக்குத் தெலங்கானா அரசு ஓராண்டுத் தடை விதித்தது. நடைபாதையில் நடக்க இடமில்லாமல் சாலையில் இறங்கும் முதியவர்களும் இருக்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் வழி, நீர்க்குழாயும் வடிகாலும் கொண்ட வரையறுக்கப்பட்ட இடங்கள். அதைத்தான் சட்டமும் சொல்கிறது. வண்டியை லாரியில் ஏற்றிச் செல்வதால் மயோனைசு தூய்மையடைவதில்லை.

இனி ஏழாம் எண். அது ஓர் இட்லிப் பண்டி, மாலையில் புனுகுலு. நடத்துபவர் ஐம்பதை நெருங்கும் பெண்மணி. மாணவர்கள் அக்கா என்று அழைப்பார்கள். அவர் மாணவர்களை ‘நான்னா’ என்பார். தெலுங்கில் தந்தையைக் குறிக்கும் சொல் அது. தமிழில் சிறுவனைக்கூட ‘என்னப்பா’ என்பதுபோல. சில ஆண்டுகளுக்கு முன் பட்டியலைத் திருத்திய மாணவர் இவருடைய இஞ்சிச் சட்னியைப் பற்றி நான்கு வரி எழுதி, படமும் எடுத்து, இணையத்தில் இடப்போவதாகப் பெருமையோடு அவரிடமே காட்டினார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார்.

“நல்லா இருக்கு நான்னா. போடாதே.”

“ஏன் அக்கா? ஆள் அதிகம் வருவாங்க.”

“வருவாங்க. வண்டி எல்லாம் ரோட்டுல நிப்பாங்க. அப்புறம் யார் வருவாங்கன்னு உனக்குத் தெரியாதா?”

மாணவர் குமாரி ஆன்ட்டியை எடுத்துக்காட்டினார். அந்த அம்மாவுக்கு முதலமைச்சர் வந்தார், எனக்கு வார்டு ஆபீஸ்காரர்கூட வரமாட்டார் என்றார் அக்கா. பிறகு மாணவர் சட்டத்தின் வரையறையைத் தெலுங்கில் விளக்கினார். உள்ளூர்ப் பெயர்கள் அனைத்தும் அதில் அடங்கும் என்பதைச் சற்று உணர்ச்சியோடே கூறினார். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, “அப்போ கார்டு எங்கே?” என்றார்.

அவரிடம் ஒரு தாள் இருந்தது. 2020இல் தொற்றுக்காலத்தில் தெருவோர வணிகர்களுக்காக ஒன்றிய அரசு தொடங்கிய சுவநிதித் திட்டத்தில் பத்தாயிரம் ரூபாய் கடன் பெறுவதற்காக நகராட்சி அளித்த பரிந்துரைக் கடிதம். அதில் அவர் தெருவோர வணிகர் என்று தெளிவாக எழுதப்பட்டிருந்தது. கடனைத் தவணை தவறாமல் அடைத்தும்விட்டார். கடன் வாங்கவும் அடைக்கவும் அவர் தெருவோர வணிகர்தான். அந்த மரத்தடியில் நிற்பதற்கான சான்றிதழ் மட்டும் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. செங்கல்லைக் காலால் தட்டிவிட்டுப் பண்டியைச் சந்துக்குள் திருப்ப அவருடைய மகனுக்கு அரை நிமிடம் போதும். அதை அவன் ஒருமுறை மாணவர்களுக்குச் செய்தும் காட்டினான், அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே.

மாணவர் படத்தை அழித்தார்; நான்கு வரிகளையும் அழித்தார். எண்ணை மட்டும் விட்டுவைத்தார். இவ்வாண்டு பட்டியலைத் திருத்திய மாணவி, எண்ணையும் நீக்கிப் பத்தாகச் சுருக்கிவிடலாமே என்று கேட்டார். அதைக் குறித்து விடுதி மாடியில் ஓர் இரவு முழுவதும் பேச்சு நடந்தது. கார்டு வரும் நாளில் எழுதுவதற்கு இடம் வேண்டும் என்று ஒரு சாராரும், வந்தாலும் அக்கா எழுதவிடமாட்டார் என்று மற்றொரு சாராரும் வாதிட்டனர். எண் அப்படியே இருக்கிறது.

அங்கே செல்ல விரும்பும் புதியவர்கள் மாலை ஆறரை மணிக்கு விடுதி வாயிலில் நிற்கும் மூத்தவர் எவருடனும் நடந்து செல்லலாம். கைப்பேசி பையிலேயே இருக்கட்டும். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் அக்கா திட்டுவார், சில்லறை கொண்டுசெல்லவும்.